படிவத்தில் எங்களுக்கு அரைப் பக்கம்

கோடை விடுமுறையில் வெளிநாட்டுச் சேவைக்குப் போகும் மாணவர்களுக்கு நிதி கொடுக்கும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலம் வராது என்பதால் இல்லை. வருடா வருடம் உங்களுக்கு ஆங்கிலத்தில்தான் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் இங்கே இருக்கிற எட்டு வாரமும் அவர்கள் பேச்சை எங்கள் ஊர்ப் பெண்களுக்கும், எங்கள் பெண்களின் பேச்சை அவர்களுக்கும் யாராவது மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை எப்போதும் எங்கள் தலையில்தான் விழுகிறது. இந்த ஒரு தடவை நீங்கள் ஆள் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் வளாகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இல்லாமலா போவார்கள்? அப்புறம், எங்களைப் போலவே வெளிநாட்டு மாணவர்களைத் தங்கவைக்கிற மற்ற ஊர்க்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு உண்டு.

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்தில் எங்கள் டிரஸ்ட் இருக்கிறது. டிரஸ்ட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாலை வகுப்பு, நான்கு மகளிர் குழு, புத்தக அலமாரிகள் வைத்த ஓர் அறை. சம்பளம் வாங்குகிறவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். 2012-லிருந்து உங்கள் நாட்டுக் கல்லூரிகளின் நிதியில் இதுவரை 11 பேர் வந்து போயிருக்கிறார்கள். நடுவில் கொரோனா வருடங்களில் யாரும் வரவில்லை. 11 பேரும் நல்ல பிள்ளைகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எழுதப்போவது அவர்கள் மேல் புகார் போலத் தோன்றலாம் என்பதால். என் புகார் முழுக்க, நிதி கேட்டு மாணவர்கள் நிரப்பும் உங்கள் படிவத்தின் மேல்.

அந்தப் படிவத்தை நான் பல வருடம் பார்த்ததே இல்லை. எனக்கு வந்ததெல்லாம் ஜனவரி கடைசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி: "அக்கா, கல்லூரிக்கு ஒரு கடிதம் வேண்டும், அரைப் பக்கம் போதும், வெள்ளிக்கிழமைக்குள்." நானும் லெட்டர்பேடில் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். 2023-ல் வந்த பெண்தான் தன் மடிக்கணினியில் முழுப் படிவத்தையும் திறந்து காட்டினாள். இந்தச் சமூகத்தின் தேவை என்ன? அதற்கு உன் தீர்வு என்ன? விளைவை எப்படி அளப்பாய்? நீ திரும்பிய பிறகு இது எப்படித் தொடரும்? பன்னிரண்டு பக்கம். கேள்வி எல்லாம் அந்தப் பெண்ணிடம். வயது பத்தொன்பது. அவள் அதுவரை எங்கள் ஊரைப் பார்த்ததில்லை, இந்தியாவையே பார்த்ததில்லை. எங்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் கடைசியில் இருந்த அரைப் பக்கம்தான், அதுவும் "வரவேற்கிறோம்" என்று சொல்வதற்கு.

இப்படிக் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தேவை என்ன என்று தெரியாவிட்டாலும் ஒரு தேவையை எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் பணம் கிடையாது. இணையத்தில் உசிலம்பட்டி என்று தேடியிருக்கிறாள். தேடினால் என்ன வரும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1980களில் பெண் சிசுக்கொலைச் செய்திகளால் எங்கள் வட்டாரத்தின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. அது நடந்தது, மறைப்பதற்கில்லை. 1992-ல் அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் இந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். ஆனால் அந்தச் செய்திகளில் வந்த தாய்மார்கள் இன்று பாட்டிகள். அவர்களுடைய பேத்திகள் பத்தாம் வகுப்பில் நானூறுக்கு மேல் எடுத்துவிட்டு, மேலே படிக்க எந்த ஊருக்கு பஸ் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மாணவியின் திட்டத்துக்குப் பெயர், பெண் குழந்தைகளின் மதிப்பு குறித்த விழிப்புணர்வு முகாம். எட்டு வாரம், பதினாறு அமர்வு, தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு கேள்வித்தாள்.

முதல் அமர்வு காலை ஒன்பது மணிக்கு. மகளிர் குழுவில் பாதிப் பேர் மல்லிகை பறிக்கிறவர்கள். விடியுமுன் தோட்டத்துக்குப் போய், மொட்டு விரிவதற்குள் பறித்து, உசிலம்பட்டி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைக்கிற நேரம் அது. வந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரிடமும், பெண் குழந்தை பிறந்தால் உங்கள் உணர்வு என்ன என்று கேட்டாள். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த எங்கள் பெண், கேள்வியைத் தமிழில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அவளுக்கே கைக்குழந்தை இருக்கிறது, பெண் குழந்தை. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் வேறு ஏதோ கேட்டுவைத்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். உங்களுக்கு வந்த அறிக்கையில் அந்தச் சிரிப்பு "திறந்த மனதுடன் கலந்துரையாடினர்" என்று பதிவாகியிருக்கிறது.

இதில் யார் மேல் தப்பு? அந்தப் பெண் அழுதாள், பிறகு ஒருநாள் புரிந்ததும். "அக்கா, நீங்கள் ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சொல்லியிருக்கலாம். ஜனவரியில் அவள் திட்டத்தை எனக்கு அனுப்பியபோதே, இது வேண்டாம் அம்மா என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏனென்றால், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து தங்கினால் எங்களுக்கும் ஆதாயம் உண்டு. ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். உள்ளூர் நன்கொடையாளர்களிடம் காட்டப் புகைப்படம் கிடைக்கும். மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், இரண்டு மாதமாவது. இதற்காக, தேவை இருக்கிறது என்று அந்த அரைப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஆக, உங்கள் படிவம் அங்கே ஒரு பிள்ளையைப் புனைய வைக்கிறது. இங்கே ஐம்பது வயதுக்காரியை அதற்குச் சாட்சி சொல்ல வைக்கிறது.

தண்ணீர் வடிகட்டி கதையும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டி, 2014. எங்கள் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணம் தண்ணீர் அழுக்காக இருப்பது இல்லை, தண்ணீரே இல்லாதது. வைகை அணையில் 67 அடிக்கு மேல் ஏறினால்தான் எங்கள் பக்கம் வரும் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேச்சே எழும். அதற்காக எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ வருடம் மறியலும் உண்ணாவிரதமும் இருந்தார்கள். ஒரு மாணவன் எட்டு வாரத்தில் அதில் என்ன செய்ய முடியும்? வடிகட்டி இப்போதும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அதன்மேல் உழக்கு, நாழி எல்லாம் வைத்திருக்கிறோம். உறுதியான சாமான்தான்.

உங்கள் கோடை எங்கள் கோடை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் தேர்வு முடிந்து மே நடுவில் பிள்ளைகள் விமானம் ஏறும்போது இங்கே அக்னி நட்சத்திரம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், மாலை வகுப்பும் கிடையாது, பாதிக் குடும்பங்கள் தாய்மாமன் ஊருக்குப் போயிருக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் சேர்க்கை, சீருடை, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு ஓர் ஆள் கூடுதலாகத் தேவைப்படுவது அரையாண்டுத் தேர்வை ஒட்டிய நவம்பர், டிசம்பரில். அப்போது உங்கள் பிள்ளைகளால் வர முடியாது, தெரியும். மாற்ற முடியாததை மாற்றச் சொல்லவில்லை. குறைந்தபட்சம், பள்ளிக்கூடத்தில் எட்டு வாரப் பாடத்திட்டம் என்று யாராவது மே 20-ல் தொடங்குவதாக எழுதியிருந்தால், அதைப் படிக்கிறவருக்குச் சிரிப்பாவது வர வேண்டாமா? இதுவரை யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. நிதி கொடுத்துவிடுகிறீர்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

ஒரு மாணவர் அங்கிருந்து மதுரை வந்து திரும்ப விமானக் கட்டணம் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, எங்கள் தெருவில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரு விமானச் சீட்டின் விலை அவளுடைய நூறு மாத உழைப்பு. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "பிள்ளைகளை அனுப்பாதீர்கள், பணத்தை அனுப்புங்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அது ஒப்பவில்லை. முதலாவது, உங்கள் பணம் உங்கள் மாணவர்கள் படிப்பதற்காக இருப்பது. அவர்கள் உலகத்தைப் பார்ப்பதும் படிப்புதான், அதை ஒளித்து மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, எங்களுக்கு அனுப்ப உங்களால் முடியவும் முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்காற்றுச் சட்டத்தில் பதிவு இல்லாத டிரஸ்ட் எங்களுடையது. பதிவு செய்தவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளை ஒன்றில் திறந்த கணக்கில்தான் வாங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. உங்கள் மாணவர் ஒருவர் திட்டச் செலவில் மிச்சமான டாலரைக் கவரில் போட்டு "நூலகத்துக்கு அக்கா" என்று நீட்டினார். நல்ல மனசு. அதை வாங்கியிருந்தால் நான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

நான் கேட்பது வேறு. உங்கள் செலவுப் பட்டியலில் விமானம் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, "பொருட்கள்" என்று ஒரு வரியும் இருக்கிறது. மொழிபெயர்க்கிறவளுக்கு ஒரு வரியும் இல்லை. அந்தப் பெண் பி.காம். முடித்தவள், உசிலம்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். எட்டு வாரம் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு உங்கள் மாணவியின் நிழலாகத் திரிந்தாள். நாங்கள் எங்கள் கையிலிருந்து கொடுத்தது கடைச் சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. மாணவிக்குக் காய்ச்சல் வந்து மதுரையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூடவே படுத்திருந்தவளும் அவள்தான். சேவை செய்தவர் யார் என்ற கேள்விக்குப் படிவத்தில் ஒரே ஒரு பெயர் எழுதத்தான் இடமிருக்கிறது. வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு, நன்கொடை வேறு என்று எங்கள் ஆடிட்டர் சொல்கிறார். உங்கள் கணக்குப் பிரிவு அவருடன் அரை மணி நேரம் பேசினால் முறையான வழி ஒன்று கிடைக்கும். "பொருட்கள்" வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள். பொருள் எங்களுக்கு வேண்டாம், மாடிப்படிக்குக் கீழே இடமும் இல்லை.

விசா விஷயமும் பணத்தோடு சேர்ந்ததுதான். சுற்றுலாவுக்கான இ-விசாவில் சம்பளம் வாங்காத தன்னார்வப் பணியை ஒரு மாதத்துக்கு மிகாமல் செய்யலாம் என்பது இந்திய அரசின் விதி. உங்கள் படிவம் கேட்பதோ எட்டு வாரம், சிலது பத்து வாரம். நீண்ட பணிக்கு வேறு வகை விசா வேண்டும்; அதற்கு நேரமும் காகிதமும் கூடுதலாகப் பிடிக்கும். நிதி முடிவை நீங்கள் ஏப்ரலில் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கையில் கிடைக்கிற விசாவில் வந்துவிடுகிறார்கள். வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று அரசுக்குப் படிவம் போட வேண்டியவள் நான். விசாரிக்க வருகிற ஏட்டையாவுக்கு டீ கொடுத்து, இது எட்டு வாரப் பணியா நாலு வாரப் பணியா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நான். எல்லாக் காகிதத்திலும் பிள்ளைகள் உண்மையை எழுதும்படி உங்கள் நாட்காட்டியை மாற்றி அமையுங்கள், அல்லது நாலு வாரத் திட்டத்தையும் தகுதியானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து அநியாயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது எனக்கு ஓர் இரவில் தற்செயலாகத்தான் தெரிந்தது. 2019-ல் வந்த பெண், தினமும் இரவு பதினொரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பாள். யாரோ நண்பரோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். கேட்டால், வேலை செய்கிறாளாம். ஏதோ ஒரு நிறுவனத்துக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. அவள் அம்மா ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவர். கல்லூரி அவளுக்குக் கட்டணத்தில் பெரிய உதவி கொடுக்கிறது, ஆனால் அந்த உதவிக் கணக்கில், கோடை விடுமுறையில் அவள் வேலை பார்த்துச் சம்பாதித்து இவ்வளவு கொண்டுவருவாள் என்று ஒரு தொகை எழுதியிருக்கிறதாம். சேவைக்கு நிதி கொடுக்கிற அலுவலகம் விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்தது. கட்டண உதவி அலுவலகம் அந்தக் கோடைச் சம்பாத்தியத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. இரண்டும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன என்றாள். பகலில் எங்கள் பிள்ளைகளோடு, ராத்திரி அங்கே பகலாக இருக்கிற நேரத்தில் சம்பாத்தியம். ஐந்தாவது வாரம் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பிள்ளைகள் சத்தம் போடாமல் எழுந்து வெளியே போய் விளையாடினார்கள்.

வந்தவர்களில் எங்கள் ஊரை ரொம்பச் சீக்கிரம் புரிந்துகொண்டவள் அவள்தான். ரேஷன் வரிசை, தவணைக்காரர் வரும் நாளில் வீட்டில் இருக்கும் அமைதி, அம்மா திட்டுவதற்கும் களைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம், இதையெல்லாம் யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளைப் போன்றவர்களைத்தான் உங்கள் கணக்கு முறை வடிகட்டி விடுகிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. வில்லியம்ஸ் கல்லூரி 2022-ல் தன் உதவித்தொகை முறையை மாற்றியபோது கடன், வளாக வேலை இவற்றோடு கோடைச் சம்பாத்திய எதிர்பார்ப்பையும் சேர்த்தே எடுத்துவிட்டது. அவ்வளவு செய்ய எல்லாக் கல்லூரியிடமும் பணம் இருக்காது. சேவைக்குப் போகிற அந்த ஒரு கோடைக்காவது அந்தத் தொகையை நிதியில் சேர்த்துக் கொடுக்கலாம் அல்லவா? அதற்காக வருடத்துக்கு ஒரு மாணவரைக் குறைத்து அனுப்பினாலும் எனக்குச் சம்மதம்.

இனி நல்ல கதை. எங்களுக்கு உண்மையிலேயே பயன்பட்ட பையன் உங்கள் நிதியில் வந்தவன் இல்லை. 11 பேர் கணக்கிலும் அவன் இல்லை. மதுரையில் அமெரிக்க இந்தியவியல் கழகம் தமிழ் வகுப்பு நடத்துகிறது, தெரிந்திருப்பீர்கள். 2017-ல் அதில் படிக்க வந்தவன், யாரோ சொல்லி சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வருவான். திட்டம், அளவுகோல், கேள்வித்தாள் எதுவும் கிடையாது. தமிழ் பேசிப் பழக வேண்டும், அவ்வளவுதான். பூக் கட்டுகிறவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து பூவுக்குப் பதில் தன் விரலைக் கட்டிக்கொள்வான். அவன் பேசுகிற தமிழைக் கேட்டுக் கிழவிகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் தன் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். ஒவ்வொரு வருடமும் 330 ரூபாய் பிடித்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, என்ன அது? அவன் எழுத்தைக் கூட்டிப் பார்த்து, அகராதி பார்த்து, என்னிடம் வந்து கேட்டான். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 2015-ல் வந்த திட்டம், இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. தனக்கு அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரம் பத்துப் பதினைந்து புத்தகம் வந்தது. சிலருக்குக் காப்பீடு இருந்தது, சிலருக்கு இருப்பில் பணம் இல்லாமல் நின்றுபோயிருந்தது, ஒருத்திக்கு வாரிசுப் பெயரில் தப்பு. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாங்கள் வங்கிக்குப் போனோம்.

எங்கள் ஊரில் ஆங்கிலம் படித்தவர்கள் இல்லையா? என் வீடு அந்தத் திண்ணையிலிருந்து நாலாவது வீடு. இத்தனை வருடம் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அந்தப் பெண்ணிடம் பிறகு கேட்டேன். "உங்ககிட்ட கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு நினைப்பீங்க. அந்தத் தம்பிக்குத்தான் தமிழே தெரியலையே, அதுகிட்ட என்ன வெட்கம்?" என்றாள். இன்றுவரை அந்தப் பதில் என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது. அவன் எங்களுக்குச் செய்த உதவி அவனுக்குத் தெரிந்ததால் வந்தது இல்லை. தெரியாதவனாக, கற்றுக்கொள்கிறவனாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததால் வந்தது. உங்கள் படிவத்தில் இவன் விண்ணப்பித்திருந்தால் என்ன எழுதியிருப்பான்? "தீர்வு: தெரியாது." முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பீர்கள்.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. 1961-ல் தொடங்கிய உங்கள் பீஸ் கோர் என்ற தன்னார்வச் சேவை அமைப்பில் இந்தியாவுக்கு வந்தவர்கள் மொழி கற்றுக்கொண்டு இரண்டு வருடம் இருந்தார்கள். பிற்காலத்தில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், அறுபத்தெட்டு வயதில் பம்பாயின் விக்ரோலிக்கு நர்ஸாக வந்து சேர்ந்தார். ஓபர்லின் கல்லூரியோடு சேர்ந்த ஷான்ஸி அமைப்பு 1908-லிருந்து இருக்கிறது. அவர்கள் மதுரை லேடி டோக் கல்லூரிக்கு அனுப்பியவர்களுக்கும் இரண்டு வருடக் கணக்குதான். இரண்டு வருடம் எல்லோராலும் முடியாது என்பது சரி. ஆனால் எட்டு வாரத்துக்குப் பத்து மடங்கு பெரிய வாக்குறுதி கேட்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது? 2007-ல் காத்ரின் வாசர்மன் டேவிஸ் என்ற அம்மையார் தம் நூறாவது பிறந்தநாளில், மாணவர்களே வகுக்கும் நூறு அமைதித் திட்டங்களுக்குத் தலைக்குப் பத்தாயிரம் டாலர் என்று பத்து லட்சம் டாலர் கொடுத்தார். நூறு வயதில் அப்படி ஒரு மனம் யாருக்கு வரும்? அதைக் குறைசொல்ல நான் யார். ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளைதான் திட்டம் தீட்ட வேண்டும் என்பது எல்லாக் கல்லூரிக்கும் எழுதாச் சட்டமாக ஆகிவிட வேண்டியதில்லை.

நேர் எதிராகப் பேசியவரும் உண்டு. 1968 ஏப்ரலில், கோடைச் சேவைக்கு மெக்சிகோவுக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க மாணவர் அமைப்பின் கூட்டத்தில் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் முகத்துக்கு நேரே பேசினார். வடிகட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். வங்கிப் புத்தகம் நினைவுக்கு வந்தால் கொஞ்சம் தயங்குகிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இல்லை: குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்பாதீர்கள். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஒட்டிக்கொண்டு பிரிவதற்கு அந்தக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? 2019-ல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இல்லங்களில் நடக்கும் இந்தத் தன்னார்வச் சுற்றுகளால் வரும் தீங்கைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. உங்கள் நிதி விதியில் அதற்கு ஒரு வரி சேர்க்க எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை.

மற்றதற்குக் குழு கூடித்தான் ஆக வேண்டும். கூடும்போது இதைப் பேசுங்கள். தேவை என்ன என்ற பக்கத்தை மாணவரிடமிருந்து எடுத்து எங்களிடம் கொடுங்கள்; தமிழிலோ, குஜராத்தியிலோ, ஸ்வாஹிலியிலோ எழுதி அனுப்புகிறோம், மொழிபெயர்ப்புச் செலவு உங்களுடையது. மாணவரிடம் கேட்க வேண்டுமானால், உனக்கு எது தெரியாது, யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று கேளுங்கள். முதல் கோடையில் மொழி வகுப்புக்குப் பணம் கொடுங்கள். ஊருக்கு வந்து பார்த்துப் பிடித்திருந்தால் அதே ஆள் அதே ஊருக்கு இரண்டாவது கோடையும் வரட்டும். இப்போதைய விதியில் ஒருமுறை வாங்கியவருக்கு மறுமுறை கிடையாதாம், நிறையப் பேருக்கு வாய்ப்புப் பரவ வேண்டும் என்பதற்காக. பரவட்டும், ஆனால் எங்களுக்கு ஒவ்வொரு ஜூனிலும் புது முகத்துக்குக் கழிப்பறை எங்கே என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கடைசி அறிக்கையையும் எங்களுக்கு அனுப்புங்கள். 11 அறிக்கைகளில் நான் படித்தது ஒன்றே ஒன்று, அதுவும் அந்தப் பெண் தானாகக் காட்டியதால்.

இதையெல்லாம் எழுதக் காரணம், இந்த ஜனவரியில் மறுபடியும் ஒரு செய்தி வந்திருப்பதுதான். "அக்கா, அரைப் பக்கம் போதும்." ஒரு பையன், இரண்டாம் ஆண்டு, பெற்றோர் இருவரும் பகலிரவு வேலைக்காரர்கள். எங்கள் ஊருக்கு என்ன தேவை என்று கேட்டிருக்கிறான். இப்படிக் கேட்டதற்கே அவனைப் பிடித்துப்போயிற்று. நான் பதில் போட்டேன்: எனக்கே முழுதாகத் தெரியாது தம்பி, தீர்வு என்ற கட்டத்தைக் காலியாக விடு, மற்றதை எழுது, கடிதம் நான் தருகிறேன். அவனுக்குப் பயம், காலியாக விட்டால் நிராகரித்துவிடுவார்கள் என்று. நான் அதே கட்டத்துக்காகத் தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதி அவனிடம் அனுப்பியிருக்கிறேன், இணைப்பாகச் சேர்க்கச் சொல்லி.

பிப்ரவரி நடுவில் அது உங்கள் மேசைக்கு வரும். படிக்க ஒருவரைத் தேடி வையுங்கள்.

அன்புடன்,
உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து ஓர் அக்கா